பலகை தாங்கும், படகு தாங்குமா?

பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்துவிட்ட ஒருவன், அரசியலை விட்டுவிட்டு ஒட்டுப்பலகையின் தடிப்பைப் பற்றி எழுதப் புகுந்தால், வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். “இவருக்கு எழுத வேறு விடயமே கிடைக்கவில்லையா?” என்று கேட்கக்கூடும். பொறுத்தருள வேண்டும். இறுதிவரை வாசித்த பின்னர், இது பலகையைப் பற்றிய கட்டுரைதானா, அல்லது நம் மக்களின் உயிரைப் பற்றியதா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அண்மையில் மூதூருக்குச் சென்றிருந்தேன். இறங்குதுறையில் இருந்து சற்றுத் தள்ளி, ஒரு மீன்வாடியின் நிழலில், அலுமினியப் படகொன்று முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. கொட்டியாரக்குடாக் கரையில் அலுமினியப் படகைக் காண்பது அரிது. மரவள்ளங்கள் குறைந்துபோன பின்னர் இங்கு ஆட்சி செய்வது கண்ணாடியிழைப் படகுகளே. ஆகையால் அருகே சென்று பார்த்தேன். பதினாறு அடி நீளம், ஐந்து அடி அகலம். அடித்தளப் பலகை முழுவதும் பெயர்த்தெடுக்கப்பட்டு, குறுக்கு வங்குகள் விலா எலும்புகளைப் போல் தெரிந்தன. படகின் சொந்தக்காரர் நாற்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் மீனவர். அவருக்குத் துணையாக, எழுபதைத் தாண்டிய ஒரு தமிழ் ஓடாவியார். மூதூரில் இத்தகைய காட்சிகளை இன்னும் காண முடிகிறது என்பதே மனத்துக்கு ஆறுதல்.

இந்தப் படகு ஊருக்கு வந்த கதை நெடியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், பெயர் சொல்ல விரும்பாத ஓர் உதவி அமைப்பு இதைக் கொண்டுவந்து இறக்கியது. எங்கோ குளிர்நாட்டு ஏரியில் தூண்டில் போடுவதற்காகச் செய்யப்பட்ட படகு அது. கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்நாட்களில் நாட்டின் மீன்பிடிக் கலங்களில் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது; போட்டி போட்டுக்கொண்டு படகுகள் வழங்கப்பட்டன. அவசரத்தில் செய்யப்பட்ட படகுகளின் தரத்தைப் பற்றி ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே அன்று எச்சரிக்க நேர்ந்தது. பின்னர் 2006இல் மாவிலாற்றுக் கதவு மூடப்பட்டதைத் தொடர்ந்து போர் மூண்டது. ஆகஸ்டு மாதத்தில் மூதூர் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடினர். ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்டோருக்குப் பணிபுரிந்த பிரெஞ்சு உதவி அமைப்பொன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் அதே ஊரில், அதே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்படிப்பட்ட காலத்தில் படகின் பலகையைப் பற்றிக் கவலைப்பட யாருக்கு நேரம் இருந்தது? ஆண்டுக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் கிடந்த படகைப் பின்னர் இந்த மீனவர் வாங்கித் திருத்தி, ஆற்றுமுகத்தில் வலை வைக்கப் பயன்படுத்தி வந்தார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியது. மகாவலி பெருக்கெடுத்தது, மாவிலாற்று அணைக்கட்டு உடைத்துக்கொண்டது. மூதூர், சேருவில, வெருகல், கிண்ணியாப் பகுதிகளின் தாழ்நிலங்கள் வெள்ளக்காடாயின. அந்த நாளில் இந்த அலுமினியப் படகும் வீதிக்கு வந்தது. ஆம், வீதிக்குத்தான். வெள்ளத்தில் தவித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய ஒரு தடவையில், படகில் குழந்தைகளுடன் சேர்த்து ஒன்பது பேர் இருந்திருக்கிறார்கள். நடுவில் நின்ற ஒரு தாயின் கால் திடீரென்று அடித்தளப் பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே போயிற்று. அவர் பதறி ஒரு பக்கம் சாய, மற்றவர்களும் சாய, விளிம்பின் மேலாகத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. தெய்வாதீனமாக அந்த இடத்தில் நீர் இடுப்பளவே இருந்தது. எல்லோரும் உயிர் தப்பினர்.

இதைச் சொல்லி முடித்த மீனவர், “அதுதான் ஐயா, இந்த முறை ஒரு இஞ்சிப் பலகை போடப்போறன். அப்ப பத்துப் பேர் ஏறினாலும் அசையாது” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது என்பது அந்தக் கணத்தில் எனக்கும் விளங்கவில்லை. ஆனால் ஏதோ ஒரு பெருந்தவறு இருக்கிறது என்று மட்டும் மனம் சொன்னது. இரண்டு நாட்கள் அந்த வாடியிலேயே இருந்து, ஓடாவியாருடன் பேசி, கணக்குப் போட்டுப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் பலகை ஏன் உடைந்தது என்று பார்ப்போம். பெயர்த்தெடுத்த பழைய பலகை ஓரமாகக் கிடந்தது. 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள, ஐந்து தாள்கள் ஒட்டிய சாதாரண ஒட்டுப்பலகை. அதைக் கையில் எடுத்தபோது, பழைய புத்தகத்தின் ஏடுகளைப் போலத் தாள் தாளாகப் பிரிந்து வந்தது. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு பலகை வளையாமல் நிற்கும் உறுதி, அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. தடிப்பு இரண்டு மடங்கானால் உறுதி எட்டு மடங்காகும். ஆனால் தாள்களை இணைக்கும் பசை விட்டுப்போனால், அதே கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். ஐந்து தாள்களும் தனித்தனியே வளையத் தொடங்கினால், பலகையின் உறுதி இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தடிப்பு என்னவோ அதே 12 மில்லிமீற்றர்தான். அளவுகோல் பொய் சொல்லாது. ஆனால் உண்மை முழுவதையும் சொல்லாது.

அதாவது, பலகை மெல்லியதாக இருந்ததால் உடையவில்லை. இற்றுப்போனதால் உடைந்தது. ஏழு தாள்கள் கொண்ட 18 மில்லிமீற்றர்ப் பலகையைப் போட்டிருந்தாலும், பசை விட்டுப்போன பின்னர் அது நல்ல 12 மில்லிமீற்றர்ப் பலகையின் உறுதியில் பதினான்கில் ஒரு பங்கைக்கூடத் தாங்கியிராது. ஆகவே கடைக்குச் செல்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி “எத்தனை மில்லிமீற்றர்?” என்பதல்ல, “எந்தப் பசை?” என்பதே.

கடல் வேலைக்கு உகந்த ஒட்டுப்பலகையில் பீனோல் சார்ந்த பசை பயன்படுத்தப்படுகிறது. வெட்டுமுகத்தைப் பார்த்தால் தாள்களுக்கு இடையே கரும்பழுப்பு நிறக் கோடுகள் தெரியும். வீட்டுத் தளபாடங்களுக்குரிய மலிவான பலகையில் யூரியாப் பசை. அதன் கோடுகள் வெளிறியிருக்கும். ஈரத்தில் அது நீடிக்காது. நிறத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. பிரித்தானியத் தரக்கட்டளை பிஎஸ் 1088, இந்தியத் தரக்கட்டளை ஐஎஸ் 710 ஆகியவை கடற்பலகைக்கு உரியவை. இந்தியக் கட்டளைப்படி, மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் இட்ட பின்னரும் ஒட்டு விடாதிருக்க வேண்டும். முத்திரைகளைப் போலியாகக் குத்துவதற்கு நம் நாட்டில் ஆள் பஞ்சம் இல்லை. ஆதலால் கடையில் ஒரு சிறு துண்டைக் கேட்டு வாங்கி, வீட்டு அடுப்பில் சில மணி நேரம் கொதிக்கவிட்டு, உலர்த்தி, மீண்டும் கொதிக்கவிட்டுப் பாருங்கள். விரிந்துவிட்டால், அந்தப் பலகை உங்கள் படகுக்கு உரியதல்ல. விறகுச் செலவு உயிர்ச் செலவைவிட மலிவானது.

நல்ல பசை உள்ள பலகை கிடைத்துவிட்டது. இனித்தான் தடிப்பு. இதைத் தீர்மானிப்பது படகில் ஏறுவோரின் தொகை அல்ல. பலகைக்கு அடியில் உள்ள வங்குகளுக்கு இடைப்பட்ட தூரம். ஒருவர் காலடி வைக்கும் இடத்தில் பலகை எவ்வளவு தொய்யும் என்பது, அந்த இடைவெளியும் தடிப்பும் ஒன்றுக்கொன்று எந்த விகிதத்தில் உள்ளன என்பதைப் பொறுத்தது. ஏறக்குறைய இடைவெளியின் முப்பத்து மூன்றில் ஒரு பங்கு தடிப்பு இருந்தால், திடகாத்திரமான ஒரு மனிதன் நடுவில் நின்றாலும் மூன்று நான்கு மில்லிமீற்றருக்கு மேல் தொய்யாது. வங்குகள் 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருந்தால் 9 மில்லிமீற்றர் போதும். 40 சென்ரிமீற்றர் என்றால் 12 மில்லிமீற்றர். 60 சென்ரிமீற்றர் என்றால் 18 மில்லிமீற்றர். நமது படகில் அளந்து பார்த்தோம்: 40 சென்ரிமீற்றர். ஆக, அதைச் செய்த பெயர் தெரியாத தொழிலாளி 12 மில்லிமீற்றர்ப் பலகை போட்டது சரியே. அவர் கணக்கைப் பிழைவிடவில்லை. பராமரிப்பைப் பிழைவிட்டவர்கள் நாம்.

இடைவெளி அதிகமாக உள்ள இடங்களில் பலகையைத் தடிப்பாக்குவதைவிட, நடுவில் இன்னொரு அலுமினியக் கோணச் சட்டத்தை ஆணியறைந்து தாங்கு கொடுப்பது புத்திசாலித்தனம். இடைவெளி பாதியானால் தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும். இன்னொன்றையும் ஓடாவியார் சொன்னார். பலகையின் மேல்தாளில் உள்ள மரநார் ஓடும் திசை, வங்குகளுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். வெட்டுவதற்கு வசதியாக இருக்கிறதென்று நாரை வங்குகளுக்கு இணையாகத் திருப்பிவிட்டால், நல்ல பலகையும் நோஞ்சானாகிவிடும். இந்த ஓர் எளிய விடயம் எந்தக் கடைக்காரரும் சொல்லாதது.

ஒரு அங்குலப் பலகையைப் போட்டால் என்ன நட்டம்? உறுதி ஒன்பது மடங்காகும். ஆனால் அந்த உறுதிக்கு இங்கே வேலை இல்லை. எட்டுக்கு நான்கு அடிப் பலகையொன்று, 12 மில்லிமீற்றர்த் தடிப்பில் ஏறத்தாழ 21 கிலோ நிறை. ஓர் அங்குலத் தடிப்பில் 45 கிலோ. இந்தப் படகின் அடித்தளத்துக்கு ஒன்றேகால் பலகை வேண்டும். ஆக, ஏறக்குறைய 30 கிலோ மேலதிக நிறை. ஒரு பள்ளிச் சிறுவனை நிரந்தரமாகப் படகில் உட்காரவைத்ததற்குச் சமம். அது மாத்திரமன்று, செலவும் இரட்டிப்பாகிறது. அந்தப் பணத்தில் இரண்டு உயிர்காப்பு அங்கிகள் வாங்கலாமே!

படகில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பயணியும் இருந்தார். அடித்தளத்தின் கீழே, படகு அமிழாதிருக்கும்பொருட்டு அடைத்திருந்த மஞ்சள் நிற நுரைப்பஞ்சைப் பிடுங்கி எடுத்தோம். பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. நெல் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தால், காய்ந்த நிலையில் ஐந்தாறு கிலோவைத் தாண்டக்கூடாத அந்தப் பஞ்சு, ஓர் ஆளின் நிறையைக் காட்டியது! மிதக்க வைப்பதற்காக வைத்த பொருளே ஆண்டுக்கணக்கில் படகைக் கீழே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அடித்தளப் பலகையை மாற்றுபவர்கள் அதற்கு அடியில் உள்ளதைப் பார்க்காமல் மூடிவிடுவதைப் போன்ற மடமை வேறில்லை. புதிய நுரை கிடைக்காவிட்டால், மூடி இறுக்கிய வெறும் ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் கான்கள் நாற்பதை ஆசனங்களின் கீழே அசையாமல் கட்டிவிட்டால் போதும். படகு நீரால் நிரம்பினாலும் அடியோடு அமிழ்ந்துவிடாது. பற்றிக்கொள்ள ஒன்று இருக்கும்.

அலுமினியத்துக்கே உரிய ஒரு ஆபத்தையும் இங்கு குறிப்பிட வேண்டும். கறையானும் உளுப்பும் அண்டாதிருக்கச் செப்புச் சேர்மங்கள் ஊட்டிய பலகைகள் சந்தையில் உண்டு. பெரும்பாலும் பசுமை படர்ந்திருக்கும். வீட்டுக் கூரைக்கு அவை நல்லவை. அலுமினியப் படகுக்கு நஞ்சு. செம்பும் அலுமினியமும் உப்புநீரும் ஓரிடத்தில் சேர்ந்தால் ஒரு மின்கலம் உருவாகிறது. அதில் தின்னப்படுவது அலுமினியமே. நமது ஓடாவியார் பழக்கதோஷத்தால் தன் பெட்டியில் இருந்த செப்பாணிகளை எடுத்து வைத்திருந்தார். மரவள்ளத்துக்குச் செப்பாணி உத்தமமானது. தலைமுறை தலைமுறையாகக் கைகண்டது. ஆனால் இங்கே அதே ஆணி, அறைந்த இடத்தைச் சுற்றி ஓட்டையிட்டுவிடும். விடயத்தைச் சொன்னதும் அவர் சிறிதுநேரம் யோசித்தார். “எங்கட அறிவு மரத்தோட வந்தது ஐயா. உலோகத்துக்கு உலோகத்தின்ர குணம்” என்று சொல்லிவிட்டு ஆணிகளைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். தன் தொழிலில் ஐம்பது ஆண்டு கண்ட ஒருவர் அவ்வளவு எளிதாகத் தன்னைத் திருத்திக்கொண்டதைப் பார்த்தபோது, எங்கள் அரசியல்வாதிகள் நினைவுக்கு வந்தார்கள். அதை விடுவோம்.

அலுமினியத் தறையாணி, அல்லது பசையோ கிறீசோ பூசி முறுக்கிய துருப்பிடியா உருக்குத் திருகாணி ஏற்றது. பலகையைப் பொருத்துமுன் இரு பக்கமும் எபொக்சி மூன்று பூச்சு. வெட்டிய ஓரங்களுக்கும் துளைகளுக்கும் கட்டாயம் பூச்சு. தண்ணீர் நுழைவது முகத்தால் அல்ல, ஓரத்தால். பலகைக்கும் உலோகத்துக்கும் இடையே ஒரு றபர்ப் பட்டை. கடைசியாக, நீர் வடிந்து பின்பக்கம் சேர்வதற்கு வழி. ஈரம் தங்காவிட்டால் 12 மில்லிமீற்றர்ப் பலகை நெடுங்காலம் உழைக்கும்.

இதுவரை சொன்னது பலகையின் கதை. இனிப் படகின் கதை.

படகின் பின்பலகையைத் தடவிப் பார்த்தேன். வண்ணப்பூச்சுக்குக் கீழே நான்கு சிறு துளைகள் தட்டுப்பட்டன. ஏதோ ஒரு தகடு அங்கே அறையப்பட்டிருந்து கழன்றுபோயிருக்கிறது. அது என்ன தகடு என்பது மேற்கு நாடுகளில் வாழும் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஐக்கிய அமெரிக்காவில் இருபது அடிக்குக் குறைந்த இயந்திரப் படகுகளில், எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு நிறை ஏற்றலாம் என்று பொறித்த தகடு இருக்க வேண்டும் என்பது சட்டம். கனடாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதையொத்த விதிகள் உள்ளன. தகடு இல்லாத படகுக்கு ஓர் எளிய வாய்பாடும் அமெரிக்காவில் புழக்கத்தில் உண்டு. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, 15 ஆல் வகுக்க வேண்டும். நமது படகுக்கு 16ஐ 5ஆல் பெருக்கினால் 80. பதினைந்தால் வகுத்தால் ஐந்தும் சொச்சமும். ஆக, ஐந்து பேர். அதுவும் ஆளுக்கு 68 கிலோ என்ற கணக்கில், அமைதியான நீரில். வாடைக்காற்றுக் கிளப்பிய கொட்டியாரக்குடாவில் அல்ல. சுழித்தோடும் மகாவலி வெள்ளத்தில் நிச்சயமாக அல்ல.

ஐந்து பேருக்குரிய படகில் அன்று ஒன்பது பேர். ஒரு அங்குலப் பலகை போட்டால் பத்துப் பேரை ஏற்றலாம் என்பது நமது மீனவரின் எண்ணம். தவறு எங்கே என்று இப்பொழுது புலப்படுகிறதல்லவா? பலகை தாங்கும். படகு தாங்காது. இந்த அளவுப் படகு, ஏறக்குறைய 50 கிலோ ஏற்றும்போதெல்லாம் ஒரு சென்ரிமீற்றர் தாழும். நிறையால் மாத்திரம் அது அமிழ்ந்துவிடப் போவதில்லை. ஆனால் இருக்க இடமின்றி நிற்பவர்கள் ஒவ்வொருவரும் படகின் பாரத்தின் மையத்தை மேலே தூக்குகிறார்கள். விளிம்பு தாழ்ந்திருக்கும் வேளையில் நான்கு பேர் ஒரு பக்கம் சாய்ந்தால் போதும். மிகுதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். காலடியில் கல்லுப்போல இருக்கும் அடித்தளம், ஏறுபவர்களுக்குப் பொய்யான நம்பிக்கையைத் தருகிறது. கிறீச்சிடும் பலகையாவது ஒரு எச்சரிக்கை. கல்லுப் போன்ற பலகை அந்த எச்சரிக்கையையும் பறித்துவிடுகிறது.

இது கற்பனைப் பயம் அல்ல. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, மூதூரில் இருந்து தொலைவில் இல்லாத கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலத் திருத்த வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் மக்களை ஏற்றி இறக்கிய மிதவைப் பாதை கவிழ்ந்தது. புத்தகப்பையுடன் புறப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் உட்படக் குறைந்தது ஆறு உயிர்கள் அதில் பறிபோயின. பழைய பாதையை மூடியவர்கள், புதிய பாலம் வரும்வரை மக்கள் எதில் ஏறிக் கடப்பார்கள், அதில் எத்தனை பேர் ஏறலாம் என்பதையும் தங்கள் பொறுப்பாகக் கொண்டிருக்க வேண்டாமா? 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்ட கிண்ணியாப் பெரும்பாலத்தின் நீளத்தை இந்தப் பிரதேசத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் பெருமையோடு சொல்லும். மிதவைகளில் ஏறலாகும் ஆட்களின் தொகையைச் சொல்ல யாரும் இருக்கவில்லை. பாலங்களைத் திறந்து வைக்கக் கத்தரிக்கோலுடன் வருபவர்கள் பலர்; படகில் ஓர் எண்ணை எழுதிவைக்கத் தூரிகையுடன் வருபவர் ஒருவரும் இல்லை.

“வெள்ளத்துக்குள்ள கையை நீட்டுற தாயிடம், நீ ஆறாவது ஆள், நில்லு எண்டு சொல்ல ஏலுமா ஐயா?” என்று மீனவர் கேட்டார். நியாயமான கேள்வி. கரையில் நின்று கணக்குப் போடுபவனால் அதற்கு எளிதில் மறுமொழி சொல்ல முடியாது. அன்று அவர் ஏற்றிய ஒன்பது பேரில் ஒருவரை விட்டுவந்திருந்தால், அந்த ஒருவர் இன்று நம்மிடையே இருந்திருப்பாரா என்றும் தெரியாது. அவரைக் குறைகூறும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் என் மறுமொழி இதுதான்: அந்த நேரத்தில் தீர்மானிக்க வேண்டியிருப்பதுதான் கொடுமை. எண் முன்னரே எழுதப்பட்டிருந்தால், மறுப்பது படகோட்டி அல்ல, படகே. அது அவருக்கு ஒரு கவசம். “இரண்டாவது நடைக்கு வருகிறேன்” என்று சொல்வதற்கு அது ஒரு தைரியம். ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு நடையில் கவிழ்வதைவிட, ஐந்தும் நான்குமாக இரண்டு நடை போவதே அதிகம் பேரைக் கரைசேர்க்கும். அதற்கு வேண்டியது தடித்த பலகை அல்ல. எரிபொருளும், இன்னொரு படகும், முன்கூட்டிய ஒழுங்கும்.

ஆகவே சில கோரிக்கைகளை இங்கு முன்வைக்க விரும்புகிறேன். பிரதேச சபைகளும், கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களமும், அனர்த்த முகாமைத்துவ நிலையமும் சேர்ந்து, வெள்ளக் காலத்தில் பயன்படக்கூடிய சிறு படகுகள் அனைத்தையும் ஊர் ஊராகப் பதிய வேண்டும். ஒவ்வொன்றிலும், ஏறலாகும் ஆட்களின் தொகையைப் படகின் இரு பக்கத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னர் அடித்தளத்தைப் பெயர்த்துப் பார்க்கும் ஒரு நாள் வேண்டும். இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு தகரம் வண்ணப்பூச்சும் ஒரு தூரிகையும் சிறிது மனச்சாட்சியும் போதும்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடமும் ஒரு வார்த்தை. அனர்த்தம் வரும்போதெல்லாம் நீங்கள் அள்ளிக் கொடுக்கிறீர்கள். அந்தக் கைகளை இந்த மண் மறக்காது. ஆனால் படகு கொடுப்பவர்கள், அதன் தகட்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர் மாற்றுவதற்குரிய பலகைக்கும் ஆணிக்கும் பூச்சுக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். புதிய படகின் முன்னால் நின்று எடுக்கும் படம் அழகாக இருக்கும். பழைய படகின் அடியைத் திருத்துவதற்கு யாரும் படம் எடுப்பதில்லை. உயிர் தங்கியிருப்பது அந்த அடியில்தான்.

இக்குடாவுக்கும் மரந்தேடி வந்தவர்களுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1659இல் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று, புதுமரம் பொருத்திக்கொள்ளக் கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. அதில் வந்த ரொபேட் நொக்ஸ் என்ற இளைஞன் 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டு, இலங்கையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கழிக்க நேர்ந்தது. 1681இல் அவன் இந்தத் தீவைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டான். ஒரு மரத் துண்டு மனித வாழ்க்கையை எவ்வளவு தூரம் திருப்பிவிடக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

நான் மூதூரை விட்டுப் புறப்பட்ட அன்று, 12 மில்லிமீற்றர்ப் பலகை மூன்றாம் பூச்சுக் காய்ந்துகொண்டிருந்தது. கொதிநீரில் இரண்டு தடவை வெந்தும் விரியாத பலகை அது. மீனவரின் மூத்த மகன், பாடசாலைச் சீருடையைக் கழற்றாமலே, தூரிகையும் கையுமாகப் படகின் பக்கத்தில் குந்தியிருந்தான். வெள்ளை வண்ணத்தில் ஒரு பெரிய ‘5’ எழுதிக்கொண்டிருந்தான்.

“வாப்பா, ஆறு போட்டா என்ன? எங்கட வீட்டில ஆறு பேர்தானே?” என்று கேட்டான்.

தகப்பன் என்னைப் பார்த்தார். பின்னர் மகனைப் பார்த்துச் சொன்னார்: “அஞ்சு போடு மகன். நான் ரெண்டு நடை வருவன்.”

பலகைக்கு எத்தனை மில்லிமீற்றர் வேண்டும் என்ற கேள்விக்கு நான் இரண்டு நாட்கள் கணக்குப் போட்டேன். படகுக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அவர் ஒரே வரியில் விடை சொல்லிவிட்டார்.